ஊர் வாரப் பத்திரிகை நிற்கப் போகிறது, இனி இறந்தவர்களைப் பற்றி எங்கே எழுதுவார்கள்?

புல்வெளி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஐயாயிரம் பேர்கூடத் தேறாத ஊர் எங்களுடையது. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் ஒரே ஒரு வாரப் பத்திரிகை, அது அடுத்த மாதத்தோடு நிற்கிறது. உரிமை வெளிமாநில நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனதிலிருந்தே தேய்ந்துகொண்டு வந்தது. முதலில் கடைத்தெருவில் இருந்த அலுவலகத்தை மூடினார்கள், அப்புறம் நிருபரை எடுத்தார்கள், கடைசியில் ஆசிரியர் ஒருவரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார். போன வாரம் முதல் பக்கத்தில் நாலு வரி அறிவிப்பு, அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் உதவிக்குப் போவேன். அறிவிப்பு வந்ததிலிருந்து அங்கே வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான். பள்ளி வாரியக் கூட்டச் செய்தி எங்கே வரும் என்று யாரும் கேட்கவில்லை. செத்தவர்களைப் பற்றி இனி எங்கே போடுவார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த இரங்கல் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தமிழ்ப் பத்திரிகை அறிவிப்பில் படம், பெயர், தோற்றம், மறைவு, அடக்கம் எத்தனை மணிக்கு, வருந்தும் குடும்பத்தார் என்று முடிந்துவிடும். இங்கே ஒரு ஆளுக்கு முழு வாழ்க்கையும் எழுதுகிறார்கள். சமீபத்தில் வந்த ஒன்று: பள்ளிப் பேருந்து ஓட்டிய ஒரு அம்மா. எந்தப் பண்ணையில் பிறந்தார், எந்த ஓரறைப் பள்ளியில் படித்தார், கணவரை எந்த ஊர் நடனத்தில் சந்தித்தார், எந்தச் சர்ச்சில் பெண்கள் குழுவில் இருந்தார், யூக்கர் சீட்டாட்டத்தில் யாரையும் ஜெயிக்க விடமாட்டார், அவர் செய்யும் ருபார்ப் பை என்ற இனிப்புப் பண்டம் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்பது வரை. அப்புறம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்களின் பட்டியல், பிறந்தவுடன் இறந்த குழந்தை உட்பட. அதற்கப்புறம் இருப்பவர்களின் பட்டியல், ஒவ்வொருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதோடு. கடைசியாக, பூ வேண்டாம், தீயணைப்புத் தன்னார்வலர் சங்கத்துக்குப் பணம் கொடுங்கள் என்று ஒரு வரி. நான் அந்த அம்மாவோடு பேசியதே கிடையாது, தெருவில் கை ஆட்டியதோடு சரி. படித்து முடித்தபோது ஊரின் அறுபது எழுபது வருடக் கதை எனக்குத் தெரிந்துவிட்டது.

பத்திரிகை நின்றுபோன ஊரில் யாராவது இருக்கிறீர்களா? அங்கே இதற்கு என்ன செய்தார்கள்?

கணக்கன்77

வருத்தம் புரிகிறது, ஆனால் கொஞ்சம் நேராகப் பேசலாம். இறுதிச் சடங்கு நடத்தும் ஃபியூனரல் ஹோம் ஒவ்வொன்றுக்கும் இன்று இணையதளம் உண்டு. முழுக் குறிப்பும் படத்தோடு அன்றைக்கே வந்துவிடும், காசு தனியாகக் கேட்பதில்லை. ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கவுண்டி முழுக்கத் தெரிந்துவிடும். வாரப் பத்திரிகை வந்து சேர்வதற்குள் அடக்கமே முடிந்திருக்கும்.

என் மனைவி ஒஹையோவில் பிறந்தவர். மாமனார் இறந்தபோது அங்கே உள்ள பத்திரிகை ஒன்றில் போட விலை கேட்டோம். வரிக்கு இவ்வளவு, படத்துக்குத் தனி, ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கு மேலே, நாம் விரும்பியபடி முழுதாகப் போட்டால் எழுநூறு டாலருக்கு மேல் போகும் என்றார்கள். மாமியார் அழுதுகொண்டே வரிகளை வெட்டினார். மாமனார் மீன்பிடிக்கப் போகும் ஏரியின் பெயர் போனது, இரண்டு நண்பர்களின் பெயர் போனது. துக்க வீட்டில் ஒரு கிழவியை உட்காரவைத்து வரி எண்ணவைக்கும் தொழில் நின்றுபோனால் நான் அழமாட்டேன்.

அச்சுமை

கணக்கன், நீங்கள் சொல்கிற கோபம் நியாயம். ஆனால் அது பெரிய குழுமங்கள் வைத்திருக்கும் பத்திரிகைகளின் கதை. கான்சஸில் ஒரு சிறு வாரப் பத்திரிகையில் பக்க வடிவமைப்பும் கணக்கும் பார்த்தவள் நான், கணவர் வேலை மாறும்வரை அங்கேதான் இருந்தேன். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு புதன்கிழமை இதழ். திங்கள் நண்பகல் வரை இரங்கல் குறிப்பு வாங்குவோம், செவ்வாய் இரவு அச்சகத்துக்குப் போகும், அச்சகம் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. குறிப்பு பெரும்பாலும் ஃபியூனரல் ஹோமிலிருந்து மின்னஞ்சலில் வரும். குடும்பத்தாரே நேரில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், ஆனால் ஃபியூனரல் ஹோமைக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் ஒரு வரிகூடப் போட மாட்டோம், ஏனென்றால் உயிரோடு இருப்பவருக்குப் பகையில் இரங்கல் அனுப்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்புறம் ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு உட்காருவார். பிறந்த வருடத்துக்கும் வயதுக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா, பள்ளி முடித்த வருடம் சரியா, சர்ச்சின் பெயர் அந்தக் காலத்தில் அதுதானா. சந்தேகம் வந்தால் பின்னறையில் இருந்த பைண்டு செய்த பழைய தொகுதியை எடுத்து அவருடைய கல்யாணச் செய்தியையே பார்த்துவிடுவார். ராணுவத்தில் இருந்தவர் என்றால் படத்துக்குப் பக்கத்தில் சின்னக் கொடி போடுவோம், அது விட்டுப்போனால் புதன் காலையிலேயே தொலைபேசி அடிக்கும்.

இருப்பவர்களின் பட்டியல்தான் பெரிய தலைவலி. முதல் மனைவியின் பிள்ளைகள், இரண்டாவது மனைவி, கூட இருந்து பார்த்துக்கொண்டவர், பேசாமல் போன மகன். யார் பெயர் இருக்கிறது, யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் அந்த வீட்டில் இருபது வருடம் பேசப்படும். மகள் ஒருத்தி வந்து, அண்ணன் என் பெயரை விட்டுவிட்டு அனுப்பியிருக்கிறான், பாருங்கள் என்று மேசைக்கு முன்னால் நின்று அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆசிரியர் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். பெயர் சேர்ந்தது. இணையதளத்தில் கட்டம் நிரப்பி அனுப்பும்போது இடையில் இப்படி ஒரு மூன்றாவது ஆள் கிடையாது. அண்ணன் அனுப்பியதுதான் கடைசி வார்த்தை.

காசு விஷயம். எங்களிடம் இரங்கல் குறிப்பு இலவசம், எவ்வளவு நீளம் என்றாலும். எப்படிக் கட்டுப்படியானது என்றால், சட்டப்படியான பொது அறிவிப்புகள். கவுண்டியின் பட்ஜெட், நகரக் கூட்ட முடிவுகள், இறந்தவரின் சொத்து விசாரணை, இவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இத்தனை மாதத்துக்குள் வந்து கேளுங்கள் என்ற அறிவிப்பு, இவையெல்லாம் அந்த வட்டாரப் பத்திரிகையில் வர வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன, அதற்குக் கட்டணம் உண்டு. அந்தப் பணத்தில்தான் அந்த அம்மாவின் ருபார்ப் பை அச்சேறுகிறது. இப்போது பல மாநிலங்களில் இந்த அறிவிப்புகளை அரசு இணையதளத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சட்டத்தை மாற்றப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் தபால். சின்ன ஊர் இதழ்கள் எல்லாம் தபாலில்தான் போகின்றன, 2021-லிருந்து அந்தக் கட்டணம் திரும்பத் திரும்ப ஏறியிருக்கிறது. ஒரு வரவு போய் ஒரு செலவு ஏறினால் முதலில் நிற்பது இலவசமாகப் போட்டதுதான். உங்கள் மாமியார் வரி எண்ணியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

நெப்ராஸ்கா மருத்துவர்

நான் இந்தப் பக்கம் வந்தது கான்ராட் 30 திட்டத்தில். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர்கள், மருத்துவர் குறைவான இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தால் நாடு திரும்ப வேண்டிய நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைக்கும், ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 பேர். நம் ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான் சோளக்காட்டு நடுவில் இருக்கும் ஊர்களுக்கு வந்து சேர்ந்தோம். மூன்று வருடம் முடிந்தும் நான் கிளம்பவில்லை.

எனக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரிப் பயன்படுகிறது. என் நோயாளி ஒருவர் இறந்தால் என்னிடம் இருப்பது அவருடைய சிறுநீரகக் கணக்கும் மருந்துப் பட்டியலும்தான். பதினைந்து நிமிடச் சந்திப்பில் வேறு எதற்கும் நேரமில்லை. பத்திரிகையைப் பிரித்தால்தான் அந்த மனிதர் கொரியப் போரில் வானொலி இயக்கியவர், சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்றெல்லாம் தெரியவருகிறது. உயிரோடு இருக்கும்போதே தெரிந்திருந்தால் அவரோடு இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அதனால் இப்போது புதிதாக வருகிறவர்களிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்காமல் அனுப்புவதில்லை.

இன்னொன்று. இறப்புக்குக் காரணம் என்ன என்று டாக்டர் வெளியே சொல்ல முடியாது. ஹிப்பா என்கிற மருத்துவத் தகவல் ரகசியச் சட்டம் இறந்து 50 வருடம் வரைக்கும் நோயாளியின் தகவலைக் காக்கிறது. ஆனால் குடும்பம் சொல்லலாம். முன்பெல்லாம் இளவயது மரணம் என்றால் வீட்டில் எதிர்பாராமல் காலமானார் என்று மட்டும் போடுவார்கள், ஊருக்கே அர்த்தம் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஓபியாய்டு என்கிற போதை தரும் வலி மருந்துகளால் நிறையப் பிள்ளைகள் போன பிறகு சில தாய் தகப்பன்மார் அதை வெளிப்படையாக எழுதத் தொடங்கினார்கள். என் மகன் இந்தப் பழக்கத்தோடு இத்தனை வருடம் போராடினான், உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் உதவி கேளுங்கள் என்று. எங்கள் கிளினிக்குக்கு அப்படி ஒரு குறிப்பை வெட்டி எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். அவர் இன்று வேலைக்குப் போய் வருகிறார். ஃபேஸ்புக்கிலும் இது நடக்கும்தான், ஆனால் அவருக்கு ஃபேஸ்புக் கிடையாது.

கணக்கன்77

அச்சுமை, ஆசிரியர் இடையில் நிற்பது முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட ஆசிரியர் இன்று எத்தனை ஊரில் இருக்கிறார்?

அச்சுமை

குறைந்துகொண்டேதான் வருகிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி வருடா வருடம் கணக்கெடுக்கிறது. 2005-லிருந்து நாட்டின் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டன, 3,000-க்கும் அதிகம். 200-க்கும் மேற்பட்ட கவுண்டிகளில் உள்ளூர்ச் செய்தி தருகிற எதுவுமே கிடையாது. 2024 ஏப்ரலில் மினசோட்டாவில் ஒரே குழுமத்தின் 8 பத்திரிகைகள் ஒன்றாக மூடப்பட்டன. வயோமிங்கில் 2025 ஆகஸ்டில் இன்னொரு குழுமம் ஒரே நாளில் 8 பத்திரிகைகளை நிறுத்தியது, ஆனால் அங்கே அதே மாநிலத்துப் பதிப்பாளர்கள் இருவர் சில நாட்களிலேயே வாங்கி மறுபடி நடத்த ஆரம்பித்தார்கள். ஆக, வாங்க ஆள் இருந்தால் பிழைக்கும். புல்வெளி, உங்கள் ஊரில் யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

இருக்கிற ஆசிரியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கான்சஸ் பக்கத்து மேரியன் ஊரைச் சொல்வேன். ஊர் ஜனத்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2023 ஆகஸ்ட் 11 அன்று அங்கே மேரியன் கவுண்டி ரெக்கார்ட் அலுவலகத்திலும் ஆசிரியர் எரிக் மேயரின் வீட்டிலும் போலீஸ் நுழைந்து கணினி, கைபேசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் இருந்த அவருடைய அம்மா ஜோன் மேயர், பத்திரிகையின் இணை உரிமையாளர், 98 வயது, தன் வரவேற்பறையில் நின்று போலீஸாரை வெளியே போகச் சொல்லித் திட்டினார், மறுநாள் இறந்துவிட்டார். கணினி இல்லாமலே ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்தப் புதன்கிழமை இதழைக் கொண்டுவந்தார்கள், பறிக்கப்பட்டோம் ஆனால் வாய் மூடவில்லை என்ற பொருளில் பெரிய எழுத்துத் தலைப்போடு. உலகம் முழுக்க அதைப் போலீஸ் அத்துமீறல் செய்தியாகப் படித்தது. எங்களைப் போன்றவர்களுக்கு, பல்லாண்டுகள் அதே பத்திரிகையில் நிருபராகவும் பத்தி எழுதுபவராகவும் இருந்த ஒரு பெண்மணியின் சாவு அது.

மூலவேர்

குடும்ப வரலாறு தேடுவது என் பொழுதுபோக்கு, மனைவியின் குடும்பம் நார்வேயிலிருந்து டகோட்டாவுக்கு வந்தவர்கள் என்பதால் அதில் இறங்கினேன். கணக்கன் சொன்னதில் ஒரு விஷயம் விடுபடுகிறது. அறிவிப்பது ஒரு வேலை, வைத்திருப்பது இன்னொரு வேலை. அறிவிப்பதில் ஃபேஸ்புக் ஜெயித்துவிட்டது, அதில் சண்டை போட ஒன்றுமில்லை. வைத்திருப்பது யார்?

ஃபியூனரல் ஹோம் ஒரு வியாபாரம். கைமாறும், பெயர் மாறும், இணையதளம் நடத்துகிற ஒப்பந்தக்காரர் மாறுவார், பழைய பக்கங்கள் ஒரு நாள் திறக்காது. என் மனைவியின் சித்தப்பாவுடையது அப்படித்தான் போனது, ஆனால் அவருடைய தாத்தா 1911-ல் இறந்த குறிப்பு இன்றும் கிடைக்கிறது. ஏனென்றால் அது காகிதத்தில் வந்தது, மாநில வரலாற்றுச் சங்கம் அதை மைக்ரோஃபிலிமில், அதாவது சின்னப் படச்சுருளில், எடுத்தது. கான்சஸ் வரலாற்றுச் சங்கத்தை 1875-ல் தொடங்கியவர்களே அந்த மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும்தான், அதனால்தான் அங்கே பழைய இதழ்கள் அவ்வளவு முழுமையாக இருக்கின்றன. காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்லிங் அமெரிக்கா தளத்தில் 1963 வரைக்குமான பழைய பத்திரிகைகளை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இலவசமாகப் படிக்கலாம்.

அரசாங்கத்திடமே இறப்புப் பதிவு இருக்கிறதே என்பீர்கள். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இறப்புப் பட்டியல் முன்பு எல்லாருக்கும் திறந்திருந்தது. அடையாளத் திருட்டு அதிகமானதால் 2013-ல் வந்த சட்டம், இறந்து மூன்று வருடம் ஆகும்வரை பொதுமக்கள் பார்க்க முடியாதபடி செய்துவிட்டது. அதற்குப் பிறகு பார்த்தாலும் பெயர், சமூகப் பாதுகாப்பு எண், தேதி, அவ்வளவுதான். பிறந்தவுடன் போன அந்தக் குழந்தையைப் பற்றி அதில் இருக்காது.

குறையும் சொல்லிவிடுகிறேன். பழைய குறிப்புகளில் பெண்களுக்குச் சொந்தப் பெயரே இருக்காது. கணவர் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டு முடித்திருப்பார்கள், அவர் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க அவருடைய அண்ணன் தம்பி யாராவது இறந்த குறிப்பில் சகோதரிகள் பட்டியலைத் தேட வேண்டும். அதற்கும் இன்னொரு இரங்கல் குறிப்புதான் கைகொடுக்கும் என்பது வேறு விஷயம்.

தாமிரபரணி

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா எங்களோடு இருக்க ஊரிலிருந்து வந்தவர், அம்மா போன பிறகு திரும்பிப் போகவில்லை. இங்கே மிசௌரியில் சின்ன ஊர், நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம். காலையில் நடக்கப் போவார், தபால் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஊரில் அவர் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

அவர் இறந்த மறுநாள் பத்திரிகையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். ஃபியூனரல் ஹோம் அனுப்பிய குறிப்பில் பெயரும் வயதும்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ஊர், அது எப்படி எழுதுவது, எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பெயர். என்ன சாப்பிடப் பிடிக்கும். கேட்கக் கேட்க எனக்கே ஞாபகம் வந்தது, அவர் சைக்கிளில் மணியார்டர் கொண்டுபோன கதை, அம்மாவுக்குப் படித்துக்காட்டும் பழக்கம். எல்லாவற்றையும் போட்டார். எங்கள் கிராமத்தின் பெயர், என் அத்தைகள் பெயர் எல்லாம் சரியான எழுத்தோடு அந்தப் பத்திரிகையில் வந்தது. பொன்னான காரியம் அது.

வெள்ளிக்கிழமை நான் எதிர்பார்க்காத கூட்டம் வந்தது. தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர் வந்தார். உங்கள் அப்பா எங்களிடம் தினமும் தரம்பிரிப்பதைப் பற்றிக் கேட்பார், அவரும் தபால்காரர்தான் என்று இதைப் படித்துத்தான் தெரிந்தது, சொல்லவே இல்லையே என்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம். சர்ச் பெண்கள் கேசரோல் என்கிற சுட்ட உணவு கொண்டுவந்தார்கள், மாமிசம் இல்லாமல், ஏனென்றால் அவர் சைவம் என்பதும் அதில் இருந்தது.

வடமராட்சி

டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். எங்கட ஆக்களுக்கு மரண அறிவித்தல் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற நேரம் வீட்டில் ஒருவரும் பேசப்படாது, அப்படி வளர்ந்தனாங்கள். அமெரிக்கச் சின்ன ஊர்க் கதை எனக்கு வேறையாய்த் தெரியேல்லை.

இணையத்தை நம்புகிறவர்களுக்கு இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேணும். கனடாவில் ஆஃப்டர்லைஃப் என்று ஒரு தளம், ஃபியூனரல் ஹோம்களின் தளங்களிலிருந்து இரங்கல் குறிப்பையும் படத்தையும் கேட்காமலே அள்ளி, பக்கத்திலே பூவும் மெய்நிகர் மெழுகுதிரியும் விற்றது. குடும்பங்கள் வழக்குப் போட்டு, 2019-ல் பெடரல் நீதிமன்றம் 20 மில்லியன் டாலர் நட்டஈடு என்று தீர்ப்புச் சொன்னது. இப்ப அதைவிட மோசம், இயந்திரமே எழுதின போலி இரங்கல்கள் தேடுபொறியில் முன்னுக்கு வருகின்றன. யாரோ ஒருவர் காலமானார் என்று தேடினால் குடும்பம் எழுதினதுக்கு முதல் இந்தக் குப்பைதான் வருகுது. அச்சடிச்ச பக்கத்தில் இதைச் செய்ய ஏலாது.

டெல்டா

மிசிசிப்பியில் ஆசிரியையாக இருக்கிறேன். எல்லாரும் பழைய பக்கத்தைப் புகழ்கிறீர்கள், அதில் யார் இல்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இந்தப் பக்கத்து வெள்ளையர் பத்திரிகைகள் பலவற்றில் 1960-கள் வரைக்கும் கறுப்பின மக்களின் சாவு வரவே வராது, வந்தாலும் தனியாக ஒரு பத்தியில் ஒதுக்கிப் போடுவார்கள். என் மாணவர்கள் கொள்ளுப்பாட்டியைத் தேடி மைக்ரோஃபிலிம் பார்த்தால் கைக்கு எதுவும் சிக்காது. ஊரின் பதிவு என்கிறோம், ஊரில் பாதிப் பேர் அந்தப் பதிவில் கிடையாது.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. சர்ச்சில் இறுதி ஆராதனைக்குக் கொடுக்கும் மடித்த தாள் இருக்கிறதே, அதிலேயே முழு வாழ்க்கையையும் எழுதினார்கள். முகப்பில் படம், உள்ளே பிறப்பு, ஞானஸ்நானம், வேலை, சேர்ந்திருந்த சங்கங்கள், பிள்ளைகள், பெட்டியைத் தூக்குபவர்கள் பெயர்கள், பாடும் பாட்டு. ஒவ்வொரு வீட்டிலும் பைபிளுக்குள்ளும் ஷூப் பெட்டிக்குள்ளும் இவை கட்டுக்கட்டாக இருக்கும். ஜார்ஜியாவில் அகஸ்டா பகுதியில் இவற்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள், ஜார்ஜியா டிஜிட்டல் நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் திறந்துவிட்டது. அதில் தேடினால் எந்தப் பத்திரிகையிலும் இல்லாத ஆயிரக்கணக்கான பெயர்கள் வருகின்றன. என் மாணவி ஒருத்தி அங்கே தன் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு வகுப்பில் எழுந்து வாசித்தாள்.

புல்வெளி, உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பத்திரிகை இல்லாமலே ஒரு சமூகம் தன் ஆட்களைப் பதிந்து வைத்துக் காட்டியிருக்கிறது. நூலகம் இருந்தால் போதும்.

மூலவேர்

டெல்டா சொன்னதற்கு நன்றி. ஃபைண்ட் எ கிரேவ் என்கிற கல்லறைப் பதிவுத் தளத்திலும் தன்னார்வலர்கள் இப்படிப் பதிவேற்றுகிறார்கள், ஆனால் அதை 2013-ல் ஆன்செஸ்ட்ரி என்கிற வம்சாவளித் தேடல் வியாபார நிறுவனம் வாங்கிவிட்டது. ஊர் நூலகத்தில் ஒரு காகிதப் பிரதி இருப்பதை அதற்கு ஈடாக நான் நினைக்கவில்லை.

கணக்கன்77

டெல்டாவின் பதிவை மாமியாருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அன்றைக்கு வெட்டிய வரிகள் எல்லாம் கையெழுத்தில் அவரிடம் பத்திரமாக இருக்கிறதாம். அந்த ஊர் நூலகம் வாங்கிக்கொள்ளுமா என்று கேட்கிறார். யாரைப் பார்க்க வேண்டும்?

மூலவேர்

உள்ளூர் வரலாறு அல்லது வம்சாவளிப் பிரிவு என்று கேளுங்கள். ஒஹையோவில் நூலகங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். முழுப்பெயர், தேதி, யார் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்க்கச் சொல்லுங்கள். இனி யாருக்காவது பயன்படும் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஃபியூனரல் ஹோம் மூலமாகப் பத்திரிகைக்குப் போடும்போது அவர்கள் தங்களுக்கென்று மேலே காசு சேர்த்தால் அதைச் சொல்லியாக வேண்டும், 1984-லிருந்து ஃபெடரல் டிரேட் கமிஷன் என்கிற மத்திய அரசின் வணிக ஆணையத்தின் விதி அது. தனியாகக் கணக்குக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

புல்வெளி

எல்லாவற்றையும் அச்செடுத்து நூலகரிடம் கொண்டுபோனேன். பத்திரிகையை வாங்க உள்ளூரில் ஆள் இல்லை, கேட்டாகிவிட்டது. ஆனால் இதற்கு உடனே சம்மதித்தார். ஊரில் இருக்கும் ஃபியூனரல் ஹோம் இரண்டுமே குடும்பத்தின் ஒப்புதல் இருந்தால் குறிப்பை நூலகத்துக்கும் அனுப்புகிறோம் என்கிறார்கள். அதைவிட நல்ல செய்தி, நின்றுபோகும் பத்திரிகையின் ஆசிரியர் திங்கள்கிழமை மத்தியானம் நூலகத்துக்கு வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறார். பெயர் விட்டுப்போனவர்கள் அங்கே வந்து சொல்லலாம். பழைய தொகுதிகளை மட்டும் வெளிமாநில நிறுவனம் இன்னும் விடவில்லை, கடிதம் போட்டிருக்கிறோம்.

அச்சுமை, எந்தத் தாளில் அச்செடுப்பது? எப்படி அடுக்குவது?

அச்சுமை

அமிலமில்லாத தாள் என்று கேட்டு வாங்குங்கள், பத்திரிகைத் தாளைப் போல மஞ்சளாகிப் பொடியாகாது. ஒரு ஆளுக்கு ஒரு தாள், மேலே இறந்த தேதி, அச்செடுத்த தேதி இரண்டும். தேதி வரிசையில் அடுக்கி, பின்னால் பெயர் அகரவரிசை ஒன்று போடுங்கள், பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரிலும் ஒரு முறை சேர்த்துவிடுங்கள். வருடக் கடைசியில் பைண்டு செய்து ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி அயோவா மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு. பழைய தொகுதிகளைப் பற்றிச் சங்கத்திடமும் இப்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் எழுதினால் அந்த நிறுவனம் பதில் சொல்லும். காத்திருக்காதீர்கள், அலுவலகம் காலியாகும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

புல்வெளி

நாளை காலையிலேயே கூப்பிடுகிறேன்.